நான்காம் நாட்டின் ஐந்து வரிகள்

நீதிமன்றத்தில் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். கேன்டீனில் போய் நிற்கும்போது டீயா காப்பியா என்று கேட்டால், அந்த மனிதரிடமிருந்து சட்டென்று பதில் வராது. "டீ எப்போ போட்டது? நேத்து காப்பி கொஞ்சம் கசந்துச்சே, இன்னைக்குத் தூள் மாத்தியாச்சா?" என்று இரண்டு பக்கமும் விசாரித்துவிட்டுத்தான் முடிவு சொல்வார். பின்னால் வரிசையில் நிற்கும் டைப்பிஸ்ட் அம்மா, "தராசு, முள்ளு இன்னும் ஆடுதா? எங்களுக்குச் சாப்பாட்டு நேரமே முடியப்போகுது" என்பார். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. செய்கிற வேலையே பெயராக அமைவது எல்லோருக்கும் கிடைக்கிற கொடுப்பினையா என்று மனைவியிடம் ஒருமுறை கேட்டார். "வீட்டுக்கு வரும்போது அந்தத் தராசைக் கழட்டி வெச்சுட்டு வாங்க. உங்களோட ஒரு துண்டு வாங்கப் போனா மூணு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கு" என்றார் அந்த அம்மாள்.

அவருடைய வேலை, மற்ற நாடுகளின் தீர்ப்புகளைப் படிப்பது. அது நாட்டின் உச்ச நீதிமன்றம். இரண்டாம் மாடியில் நூலகம். நூலகத்தின் மூலையில், மழை பெய்தால் ஓரமாக ஒழுகும் ஜன்னலுக்குப் பக்கத்தில், ஆய்வுப் பிரிவு. அரசமைப்பைத் தொடுகிற வழக்கு ஒன்று வந்துவிட்டால், இதே கேள்வியை வேறு தேசங்களில் கேட்டபோது அங்கிருந்த நீதிபதிகள் என்ன சொன்னார்கள் என்று ஒரு குறிப்பு எழுதிக் கீழே அனுப்ப வேண்டும். அவர் மூன்று மொழிகளில் படிப்பார். நான்கு நீளத் தாள்களைப் பசை போட்டு ஒட்டி மேசை முழுக்கப் பரப்பி, ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவார். எந்த நாடு, என்ன கேட்டார்கள், என்ன சொன்னார்கள், என்ன காரணம் சொன்னார்கள். முதலில் எல்லாம் பென்சில். சரிபார்த்த பிறகே பேனா. கட்டம் அவருக்கு, அதிலிருந்து வடித்தெடுத்த இரண்டு பக்கச் சுருக்கம் நீதிபதிகளுக்கு.

இருபது வருடம் இப்படிப் படித்ததில் அவருக்கு ஒன்று விளங்கியது. நாடுகள் எத்தனை இருந்தாலும் மனிதர்கள் நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வருகிற குறைகள் ஒரு கைப்பிடிதான். என்னைப் பேச விடு. கேட்காமல் என் வீட்டுக்குள் நுழையாதே. என்னைப் பிடித்துக்கொண்டு போனால் ஏன் என்று சொல். பனி கொட்டுகிற ஊரிலும் இதைத்தான் கேட்டார்கள், மணல் அடிக்கிற ஊரிலும் இதைத்தான் கேட்டார்கள். பதில்தான் ஊருக்கு ஒன்றாக இருந்தது.

சுருக்கம் எழுத அவர் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தார். ஒரே ஒரு நீதிமன்றம் மட்டும் செய்த காரியம் சுருக்கத்தில் ஏறாது. குறைந்தது இரண்டு நீதிமன்றங்களாவது செய்திருக்க வேண்டும். நூலகம் போட்ட விதியல்ல. அவரே போட்டுக்கொண்டது, அவரே இரண்டு தடவை மீறியும் இருக்கிறார். ஒருமுறை ஆற்று மணல் வழக்கில், ஒருமுறை பத்திரிகை வழக்கில். இரண்டு தடவையும் அந்த ஒற்றைத் தீர்ப்பு அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. அவ்வளவுதான்.

அவருக்கு நாற்பத்தொரு வயது நடக்கும்போது மனநல மருத்துவமனைச் சட்டத்தின் மேல் அந்த வழக்கு வந்தது. கணவனோ நெருங்கிய உறவினரோ போடுகிற ஒரு கையெழுத்து, மருத்துவர் போடுகிற ஒரு கையெழுத்து. இரண்டும் இருந்தால் ஒருவரை உள்ளே போட்டுவிடலாம். இரண்டு வருடத்துக்கு எந்த நீதிபதியும் ஏன் என்று கேட்க முடியாது. இரண்டு வருடம் முடிந்தால் இன்னொரு கையெழுத்து. அண்ணன்காரன் கையெழுத்தால் உள்ளே போன ஒரு பள்ளிக்கூட ஆசிரியை, நோட்டுப் புத்தகத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்பிய மனுதான் வழக்காகி நின்றது.

தராசின் தங்கையும் அதே சட்டத்தின் கீழ்தான், ஐந்து மாதமாக உள்ளே இருந்தாள்.

அவள் அவரைவிட எட்டு வயது இளையவள். அவர் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். மூத்த மகள் சிட்டுவுக்கு ஐந்து வயதாகும்போது, வயிற்றிலிருந்த இரண்டாவது குழந்தை ஏழாம் மாதத்தில் போய்விட்டது. அதன் பிறகு மூன்று வாரம் அவள் பேசவில்லை. தூங்கவும் இல்லை. ராத்திரி முழுக்கக் குழாயைத் திறந்து விட்டுத் தண்ணீர் ஓடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கணவர் கப்பல் பொறியாளர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது, பயந்துபோனார். பயந்த கையால் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூன்றாவது மாதமே அவள் தேறிவிட்டாள். பேசினாள், சாப்பிட்டாள், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலைகூடக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் உள்ளே போகத்தான் கையெழுத்து இருந்தது. வெளியே வர, போட்டவரே மனம் வைக்க வேண்டும். "எதுக்கு அவசரம், நல்லா குணமாகட்டும்" என்று மாப்பிள்ளை தள்ளிக்கொண்டே போனார். மறுபடி அந்தக் குழாய்ச் சத்தத்தைக் கேட்க அவருக்குத் தெம்பில்லை.

இந்த நிலையில்தான் வழக்குக் கட்டு தராசின் மேசைக்கு வந்தது. நியாயப்படி அவர் மூத்த நீதிபதியிடம் போய், "ஐயா, என் தங்கச்சி உள்ளே இருக்கா, இந்தக் குறிப்பை வேற யார்கிட்டயாவது கொடுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் படியிறங்கினார். கதவு வரைக்கும் போனார். வேறு யார் என்று அங்கே நின்று யோசித்தார். பிரிவில் இன்னும் ஒரே ஒருவர்தான். மூன்று நாட்டுத் தீர்ப்பைப் புரட்டிவிட்டு 'உலகெங்கும்' என்று எழுதுகிற ஆசாமி. இவ்வளவு பெரிய வழக்கை அவர் கையில் கொடுப்பதா? திரும்பி மாடியேறி வந்துவிட்டார். ஏறும்போதே மனதுக்குள் ஒரு உடன்படிக்கை போட்டுக்கொண்டார்: வெளியே சொல்லவில்லை அல்லவா, அப்படியென்றால் ஒரு மயிரிழைகூடத் தங்கை பக்கம் சாயக்கூடாது.

ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அவளைப் பார்க்கப் போவார். பார்வையாளர் அறையில் நீளமான பெஞ்சு, சுவரில் பச்சை பெயிண்ட், மூலையில் ஒரு நர்ஸ் கம்பளி பின்னிக்கொண்டிருப்பாள்.

"என்னண்ணா இப்படி இளைச்சுட்ட? உள்ள இருக்கறது நானா நீயா?"

"வேலை ஜாஸ்தி பாப்பா."

"சிட்டு எப்படி இருக்கா?"

"முன்பல்லு ஒண்ணு ஆடுதாம். உங்க அண்ணிகிட்ட ஆட்டி ஆட்டிக் காட்டினாளாம்."

"அதுக்குள்ளயா? சரி, அது விழறதுக்குள்ள வந்துடணும்." அவள் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்க கோர்ட்டுல எங்களைப் பத்திக் கேஸ் வந்திருக்காமே? சலவைக்கூடத்து நர்ஸம்மா பேப்பர்ல பாத்தாங்களாம். நீ அதுல இருக்கியா?"

"நானா? நான் புத்தகம் எடுத்துக் குடுக்கறவன்."

"அப்ப அந்தப் புத்தகத்தையாவது சீக்கிரம் எடுத்துக் குடேன். போர்வை மடிச்சு மடிச்சு நானே நாலா மடிஞ்சு போயிட்டேன். அவருக்கு வெளிநாட்டுல ஏதோ வேலை வரும்போல இருக்கு. சிட்டுவைக் கூட்டிட்டுப் போயிட்டார்னா நான் எங்கன்னு போய்த் தேடுவேன்?"

"அப்படியெல்லாம் போக மாட்டார்."

அதைச் சொல்லும்போது அவருக்கே நம்பிக்கை இல்லை.

அடுத்த வாரம் மூத்த நீதிபதி அவரைக் கூப்பிட்டனுப்பினார். ஒல்லியான மனிதர், பேசும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"இந்தச் சட்டம் செல்லாதுங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. என் கவலை வேற. தீர்ப்பு வாசிச்ச மறுநாள் காலையில என்ன ஆகும்? ஒரே நாள்ல அத்தனை கதவையும் திறந்து விட்டுடறதா? மத்த நாடுகள்ல அந்த மறுநாளை எப்படிச் சமாளிச்சாங்கன்னு பாத்து எழுதுங்க."

தீர்ப்புகளை ஒப்பிடுகிறவர்கள் சாதாரணமாகத் தொடாத இடம் அது. எல்லோரும் காரணங்களைத்தான் படிப்பார்கள், காரணங்களைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். கடைசிப் பக்கத்தில் வருகிற உத்தரவு அந்தந்த ஊர் விவகாரம் என்று மூடி வைத்துவிடுவார்கள். தராசும் அப்படித்தான் இருந்தார். இந்தத் தடவை கடைசிப் பக்கங்களிலிருந்து ஆரம்பித்தார்.

நான்கு நாடுகள் தேறின. முதல் நாட்டில் சட்டத்தை அன்றைக்கே ரத்து செய்தார்கள்; போக இடமில்லாதவர்கள் ரயில் நிலையத்தில் படுத்தார்கள், ஜனங்கள் கூச்சல் போட்டார்கள், ஆறு மாதத்தில் பழையதைவிட மோசமான சட்டம் ஒன்று வந்தது. இரண்டாவது நாட்டில், இது நாடாளுமன்றத்தின் வேலை என்று கையைக் கழுவிவிட்டார்கள். முப்பது வருடமாக நாடாளுமன்றமும் கையைக் கழுவிக்கொண்டிருந்தது. மூன்றாவது நாடு, சட்டம் செல்லாது, ஆனால் அந்த அறிவிப்பு ஒரு வருடம் கழித்து அமலுக்கு வரும், அதற்குள் புதுச் சட்டம் எழுதுங்கள் என்று கெடு வைத்தது. எழுதினார்கள். நான்காவது நாடும் அதே மாதிரி கெடுதான் வைத்தது, பதினெட்டு மாதம். ஆனால் அறுபத்தோராம் பக்கத்தில், கையெழுத்துகளுக்குச் சற்று மேலே, ஒரு பத்தி கூடுதலாக இருந்தது. புதிய சட்டம் வரும்வரை, ஏற்கனவே உள்ளே இருப்பவர் யாரும் அருகிலுள்ள நீதிபதியிடம் விசாரணை கேட்கலாம். கேட்ட முப்பது நாளுக்குள் அவரை நேரில் பார்த்து, வைத்திருப்பதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். அதுவரை அவருடைய சொத்தை விற்கக்கூடாது, பிள்ளைகளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகக்கூடாது.

படித்ததும் அவருக்குக் காது சூடானது. எங்கேயோ கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் ஒன்பது நீதிபதிகள், பாப்பாவின் பெயரைக் கேட்டு எழுதிவைத்த மாதிரி இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. அந்தப் பத்தியைச் சுருக்கத்தின் இரண்டாம் பக்கத்தில் பென்சிலால் ஐந்து வரியில் எழுதினார். எழுதிவிட்டுப் பார்த்தார். அதில் அவருக்கு ஒரு அண்ணனின் கையெழுத்துத்தான் தெரிந்தது. நாளைக்கு யாராவது, 'இவன் தங்கச்சி உள்ளே இருந்திருக்கா, அதனாலதான் எங்கேயோ மூலையில கிடந்த பத்தியைத் தோண்டி எடுத்துப் போட்டிருக்கான்' என்று சொன்னால்? தீர்ப்புக்கே களங்கம் அல்லவா? அப்போதுதான் அந்த விதி ஞாபகம் வந்தது. ஒரே ஒரு நாடு. சுருக்கத்தில் ஏறாது.

ரப்பரை எடுத்து அழித்தார். தாளைத் தட்டித் தூளை ஊதிவிட்டார். 'கால அவகாசம் கொடுக்கும் முறை இரண்டு நாடுகளில் நற்பயன் தந்துள்ளது' என்று பேனாவால் எழுதினார். அன்று வீட்டுக்குப் போகும்போது நடை லேசாக இருந்தது. பெரிய சோதனை ஒன்றில் தேறிவிட்டோம் என்று நினைத்தார். அந்தச் சந்தோஷத்தைத்தான் பிற்காலத்தில் அவரால் மன்னிக்க முடியவில்லை.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. சட்டம் செல்லாது. அறிவிப்பு பதினெட்டு மாதம் நிறுத்திவைக்கப்படுகிறது. பத்திரிகைகள் கொண்டாடின. மற்ற நாடுகளின் சட்டப் புத்தகங்களில்கூட அந்தத் தீர்ப்பு ஏறியது; வேறெங்கோ ஒரு நூலகத்தில், வேறொருவர் போட்ட கட்டத்துக்குள் அவருடைய நாடும் ஒரு வரியாக உட்கார்ந்தது. டைப்பிஸ்ட் அம்மா கேன்டீனில் எல்லோருக்கும் கேட்கும்படி, "நம்ம தராசு எழுதின வரி அப்படியே தீர்ப்புல வந்திருக்கு, நான்தான் அடிச்சேன்" என்றார்.

நாடாளுமன்றம் பதினேழு மாதம் தூங்கியது. அதுவரை பழைய சட்டம் பழையபடியே வேலை செய்தது. தீர்ப்பு வந்த ஏழாம் மாதம் மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் வேலை கிடைத்தது. உள்ளே இருப்பவளின் பிள்ளை விஷயத்தில் கணவர் முடிவுதான் முடிவு. ஒரு வியாழக்கிழமை சிட்டுவைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். போய்ச் சேர்ந்த பிறகு கடிதம் போட்டார்.

அதைச் சொல்ல வேண்டிய ஞாயிறு தராசு வாசலிலேயே வெகுநேரம் நின்றார். சொன்னதும் அவள் அழவில்லை. "எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னார். "அங்க குளிரா?" "குளிர்தான்." "அவ கம்பளிச் சட்டை எல்லாம் போன வருஷத்து அளவு. கைக்கு எட்டாது. அவருக்கு அதெல்லாம் தெரியாது." பிறகு, நர்ஸ் நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை, கைவிரல்களால் தன் மணிக்கட்டை அளந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அவள் உள்ளே போய் இரண்டு வருடம் முடிந்தபோது மாப்பிள்ளையின் புதுக் கையெழுத்து தபாலில் வந்தது. சட்டம் அதையும் ஏற்றுக்கொண்டது. இன்னும் இரண்டு மாதம் கழித்துப் புதுச் சட்டம் வந்தது; விசாரணைக் குழு வந்தது. குழு அவளிடம் பேசியது இருபது நிமிஷம். "உங்களை எதுக்கும்மா இவ்வளவு நாள் வெச்சிருந்தாங்க?" என்று அதன் தலைவர் கேட்டாராம். அவள் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "அண்ணி, நான் கேக்க வேண்டிய கேள்வியை அந்தாளு கேக்கறாரு!"

அண்ணன் வீட்டிலேயே தங்கினாள். நகரத்துச் சலவை நிலையம் ஒன்றில் வேலைக்குப் போனாள். உள்ளே இருந்தபோது பழக்கமான இரண்டு பெண்களையும் அங்கே சேர்த்துவிட்டாள். சிட்டுவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினாள். முதல் வருடம் கடிதங்கள் திரும்பி வந்தன. பிறகு திரும்பி வருவதும் நின்றது. வழக்குப் போட்டார்கள், அந்த நாட்டு நீதிமன்றம், குழந்தை இங்கே வேரூன்றிவிட்டது, பிடுங்கக்கூடாது என்றது. அந்தத் தீர்ப்பை வாசித்து அவளுக்கு அர்த்தம் சொன்னவர் தராசுதான். நன்றாக எழுதப்பட்ட தீர்ப்பு என்று அவருக்கு அப்போதும் தோன்றியது. தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

மனநலச் சட்டத் தீர்ப்பு வந்து பதினோரு வருடம் போயிற்று. ஓய்வு பெற்றிருந்த மூத்த நீதிபதி ஒருநாள் நூலகத்துக்கு இரவல் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தார். தராசின் எதிரே உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம மனநலத் தீர்ப்பை இப்போ நாலு நாட்டுல பாடமா வெச்சிருக்காங்க, தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"எனக்கு அதுல ஒரே ஒரு குறை. அந்தப் பதினெட்டு மாசம். உள்ளே இருக்கறவங்களுக்கு நடுவுல ஏதாவது வழி பண்ணியிருக்கணும். எங்கேயாவது ஒரு கோர்ட்டு, ஒண்ணே ஒண்ணு, அப்படிச் செஞ்சிருந்தாப் போதும், நானும் எழுதியிருப்பேன். உங்க குறிப்பை ரெண்டு தடவை அதுக்காகவே பொரட்டினேன். இல்ல. முன்னாடி யாருமே போகாத வழியில போக எனக்குத் தைரியம் வரல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வயசானா இதெல்லாம்தான் ஞாபகம் வருது. நான் வரேன்."

தராசு எழுந்து நின்று வழியனுப்பினார். வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரவில்லை. ஐயா, ஒண்ணு இருந்துச்சு. மூன்று சொல். அந்த முதிய மனிதர் படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவதை மேலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் தங்கை சமையலறை மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். மனைவி கடைக்குப் போயிருந்தார். அவர் எதிரே உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கதவு வரைக்கும் போய்த் திரும்பியது, நான்கு நாடுகள், அறுபத்தோராம் பக்கம், பென்சில், ரப்பர். நீதிபதி இன்றைக்குச் சொன்னது வரைக்கும். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எத்தனை வரி?"

"அஞ்சு."

"முப்பது நாள்ல பாத்திருப்பாங்களா?"

"பாத்திருப்பாங்க."

"சிட்டு அப்ப இங்கதான் இருந்தா."

"ஆமா."

"எனக்காக எழுதின மாதிரி ஆயிடும்னு அழிச்சுட்ட."

"ஒரு பக்கமா சாஞ்சுட்டேன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு... உனக்குன்னு தனியா..."

அப்போதுதான் அவள் கை நின்றது. தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, நான் ஒருத்திதானா உள்ள இருந்தேன்?"

அவருக்குப் புரியவில்லை.

"என் வார்டுல மட்டும் நாப்பத்தொரு பேரு. மனு எழுதின அந்த டீச்சரும் பதினெட்டு மாசம் உள்ளதான் இருந்தாங்க, கேஸ்ல ஜெயிச்சுட்டு. எனக்குப் பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு, பத்தொம்பது வயசு, அவ அப்பா போட்ட கையெழுத்து. அந்த மழைக்காலத்துல நிமோனியா வந்து செத்துப்போனா. அந்த அஞ்சு வரி அவங்களுக்கும்தானே? நீ எல்லாரையும் சமமாப் பாக்கறவன்னு ஊரே பேரு வெச்சிருக்கு. உன் கண்ணுக்கு நான் ஒருத்திதான் தெரிஞ்சிருக்கேன்."

இருபது வருடம், முப்பது வருடம் தீர்ப்புகளைப் படித்தவருக்கு அந்த ஒரு விஷயம் அதுவரை தட்டுப்படவே இல்லை. தங்கை பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்று கவலைப்பட்ட நேரத்தில், மற்ற ஆயிரக்கணக்கான பேருக்காகவும் அந்தப் பத்தி எழுதப்பட வேண்டியது என்று அவர் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. சாய்வுதான் அது. இதைவிடப் பெரிய சாய்வு இருக்க முடியாது.

"பாப்பா..."

"பட்டாணி ஆயிடுச்சு. அண்ணி வந்தா அடுப்புல வெக்கச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டாள்.

சண்டை எதுவும் நடக்கவில்லை. அடுத்த மாதம் அவள் சலவை நிலையத்துக்கு மேலே இருந்த அறைக்குக் குடிபோனாள்; அந்த இரண்டு பெண்களும் அங்கேதான் இருந்தார்கள். "வேலைக்குப் பக்கம் அண்ணி, பஸ்ஸுக்கு ஓட வேண்டாம்" என்று காரணம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். அண்ணியோடு வம்பளந்தாள், அண்ணனை நலம் விசாரித்தாள், மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டாள். அதற்கு முன்பெல்லாம் வந்தவுடனே அவருடைய இளைப்பைப் பற்றி ஏதாவது கிண்டல் செய்வாள். அது மட்டும் நின்றுபோயிருந்தது. மனைவி ஒருநாள், "என்னங்க, உங்க ரெண்டு பேருக்குள்ள என்ன?" என்று கேட்டார். அவர் மனைவியிடமும் சொன்னார். அந்த அம்மாள், "நீங்க தப்பு பண்ணணும்னு பண்ணல" என்றார். பிறகு, "அதை வெச்சுக்கிட்டு என்ன பண்றது" என்றும் அவரே சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு தராசு ஒரு சட்ட இதழுக்கு இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். நான்காம் நாட்டின் அந்தப் பத்தியைப் பற்றியும், அது குறிப்பில் எப்படி விடுபட்டது என்பதைப் பற்றியும். தங்கை என்ற சொல்லையும் எழுதியிருந்தார். சட்டமே மாறிவிட்ட நிலையில் கட்டுரைக்கு இன்று பொருத்தமில்லை என்று ஆசிரியர் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார். மூத்த நீதிபதிக்கு ஒரு பிரதி அனுப்பலாம் என்று நினைத்தபோது அவர் காலமாகி நான்கு மாதமாகியிருந்தது.

தங்கை ஐம்பதாவது வயதில், சலவை நிலையத்தில் வேலை முடித்துக் கதவைப் பூட்டிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இதயம். எல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்துச் சிட்டு வந்தாள். இருபத்திரண்டு வயது. தாயின் நெற்றி, தகப்பனின் உயரம். ஓட்டலில் தங்கிக்கொண்டாள். அவருடைய வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சொற்களைத் தேடித் தேடிப் பேசினாள்.

"மாமா, அம்மா ஆபத்தானவங்கன்னு அப்பா சொல்லியிருந்தாரு. லெட்டர் எதையும் எனக்குக் குடுக்கல. போன வருஷம்தான் ஒரு பெட்டியில பாத்தேன். கிளம்பணும் கிளம்பணும்னு... லேட்டாயிடுச்சு." கைப்பையின் பட்டையை முறுக்கினாள். "ஒண்ணு மட்டும் கேக்கணும். அவங்க ஏன் என்னைத் தேடி வரல?"

மனைவி அவரைப் பார்த்தார். நல்லபடியாக ஏதாவது சொல்லி அனுப்பிவிடலாம். சட்டம் அப்படி இருந்தது, காலம் அப்படி இருந்தது என்று சொல்லலாம். அதிலும் பொய் கிடையாது. அவர் அதைச் செய்யவில்லை.

"உங்கம்மா மூணாவது மாசமே நல்லாயிட்டா" என்று ஆரம்பித்தார். எதையும் குறைக்காமல் சொன்னார். தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை; திட்டிக்கொண்டால் அவள் சமாதானம் சொல்ல வேண்டிவரும் என்று பயந்தார். பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பற்றியும் சொன்னார். முடித்தபோது தேநீர் ஆடை கட்டியிருந்தது.

சிட்டு மன்னித்ததாகவும் இல்லை, கோபித்ததாகவும் இல்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அம்மா தூங்கின ரூமைப் பாக்கலாமா?" என்றாள்.

பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். சலவை நிலையத்தின் கண்ணாடிக் கதவு வெந்நீர் ஆவியில் மங்கியிருந்தது. அந்த இரண்டு பெண்களும் வெளியே வந்து சிட்டுவைப் பார்த்தார்கள். ஒருத்தி, "ஐயோ, அதே நெத்திடி" என்று ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவள் கன்னத்தைப் பிடித்தாள். மூவரும் மேலே ஏறினார்கள். "நீங்களும் வாங்க" என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. படியின் கீழே, அடுக்கி வைத்த துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

முதலில் மேலேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண்களில் ஒருத்தி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள், வார்த்தை புரியவில்லை, பாப்பா பேசுவதுபோல் பேசிக் காட்டுகிறாள் என்பது மட்டும் ஏற்ற இறக்கத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் சிரித்தார்கள். சிட்டுவின் சிரிப்பு எது என்று பிரித்துப் பார்க்க முயன்றார். அவருக்கு அது தெரியாத சிரிப்பு. ஆறு வயதில் கேட்டது, பதினாறு வருடத்துக்கு முன்னால்.

இயந்திரம் ஒன்று சுற்றி முடித்து நின்றது. கவுண்டரில் இருந்தவர், "யாருக்குங்க வெயிட் பண்றீங்க?" என்று கேட்டார்.

"மேல என் தங்கச்சி மக இருக்கா" என்றார். "எப்ப வராளோ வரட்டும்."